பெருக்கித் தள்ளிய முப்பத்தொரு புள்ளிகள்

தொலைதூரத்து விண்மீன்களுக்கெல்லாம் வயது சொல்லிவிட்டு, தம் வயதை மட்டும் தலைச்சாயத்தால் மறைத்துக்கொண்டு, இந்த மேடையில் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் எழுந்தருளியிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! அதே நாற்காலியில் அதே நேரத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வு மையத்தின் இயக்குநர் அவர்களே! இருவரும் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். தமக்கு நடக்கும் பாராட்டு விழாவுக்குத் தாமே தலைமை தாங்கும் பெருந்தன்மை அவருக்கு இருப்பதால், இரண்டு முறை வணங்கும் பெரும்பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மேலும் மறு கண்ணை என் மேலும் வைத்து, கை நிறையத் துண்டுச்சீட்டுகளோடு படிக்கட்டருகே காவல் நிற்கும் நிர்வாக அலுவலர் அவர்களே! தேநீர் உண்டு என்ற ஒற்றை வாக்குறுதியை நம்பி வந்து, அது பேச்சுகளுக்குப் பிறகுதான் என்பதை இப்போது அறிந்து திகைத்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கட்டடத்துக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்து, ஒன்றரை மணி நேரமாகியும் தெரிந்துகொள்ள முடியாமல் பொறுமை காக்கும் தாய்மார்களே! நான்காம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மடியில் நீல நிறக் கோப்பு ஒன்றை வைத்தபடி ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று கண்ணாலேயே எழுதிக் காட்டும் என் மனைவியே! நிறைவாக, அழைப்பிதழில் இடமில்லாத காரணத்தால் பெயரில்லாமல் போன ‘மற்றும் பலரே’!

உங்கள் அனைவருக்கும், அந்த மற்றும் பலரில் ஒருவனாகிய என் வணக்கம்.

அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைமை, அவர் பெயர். ஏற்புரை, அவர் பெயர். படத்திறப்பு, மறுபடியும் அவர் பெயர். கீழே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில், ‘வாழ்த்துரை: மற்றும் பலர்’. அந்த எறும்பு நான்தான். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த நிறுவனத்தில் எனக்கு அதுதான் பெயர். செல்லப்பெயர் ஒன்றும் உண்டு. துடைப்பம். வெட்கப்படவில்லை. என் வேலையே பெருக்குவதுதான். நான் படத் துப்புரவுப் பிரிவின் தலைவன். அந்தப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரே ஊழியனும் நான்தான்.

அதோ, எனக்குப் பின்னால் தொங்கும் சிவப்புத் திரைக்குள் ஒரு படம் இருக்கிறது. வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். அதன் அடியில் பித்தளை எழுத்தில் ஓர் எண்ணும் இருக்கிறது. அந்த விண்மீன் வெடித்து எத்தனை ஆண்டு என்ற எண். இன்னும் சற்று நேரத்தில் தலைவர் கயிற்றை இழுப்பார், திரை விலகும், நீங்கள் கைதட்டுவீர்கள், தேநீர் வரும்.

ஆனால் மாலை ஆறு மணிக்குள் இந்தக் கட்டடத்தில் இன்னொன்றும் நடக்க வேண்டியிருக்கிறது. என் மனைவியின் மடியில் இருக்கிறதே நீலக் கோப்பு, அதில் ஒரு விண்ணப்பம். அதே விண்மீன் மிச்சத்தை அந்தத் தொலைநோக்கி மூன்றாம் முறை பார்க்க வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பம். இன்று ஆறு மணிக்கு விண்ணப்பம் ஏற்கும் வாசல் மூடும். நிறுவனத் தலைவர் கையெழுத்து இல்லாமல் அது போகாது. ஐந்தாண்டுகளில் ஐந்து முறை கேட்டாள். ஐந்து முறையும் ‘முடிந்துபோன விஷயம்’ என்று திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு கேட்கலாமே என்கிறீர்களா? தொலைநோக்கிக்கு வயதாகிவிட்டது. அதன் முகத்தைத் திருப்பும் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு அது கண் திறக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இப்போது மணி ஐந்தாகிப் பத்து நிமிடம்.

இதோ, முதல் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ‘சுருக்கமாகப் பேசவும்.’ நன்றி ஐயா. பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பயன்படும்.

விண்மீன் எப்படி வெடிக்கிறது? தாய்மார்களுக்குச் சொல்கிறேன். அளவுக்கு மீறிப் பெருத்த ஒரு விண்மீன். ஆயுள் முழுக்க எரிந்து எரிந்து, வயிற்றுக்குள்ளே ஆக்சிஜனை ஆக்கி ஆக்கி, அடுக்கு அடுக்காக அடைத்து வைத்தது. யாருக்காவது கொடுத்ததா? ஒரு மூச்சுக்குக்கூடக் கொடுக்கவில்லை. இருக்கும் வரை கொடுக்காது. இறுக்கிப் பிடிக்கும். கடைசியில் நடுவே உள்ள கரு தன் பாரத்தைத் தானே தாங்காமல் ஒரு நொடியில் நொறுங்கி, மேலே இருந்த அத்தனையும் வெடித்துப் பறந்தது. அன்றிலிருந்துதான் அதற்கு வள்ளல் பட்டம். சில அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட விண்மீன்கள் உண்டு. நாற்காலியில் இருக்கும்போது ஒரு பென்சில் கேட்டால் மூன்று படிவம் கேட்பார்கள். ஓய்வு பெற்றுப் போன பிறகு அலமாரியைத் திறந்தால் பென்சில் மழை கொட்டும்.

சிரிக்காதீர்கள், தலைவர் பார்க்கிறார்.

வெடித்த வேகத்தில் அந்த ஆக்சிஜன் முடிச்சு முடிச்சாகப் பறக்கிறது. ஒரு நொடிக்குள் இங்கிருந்து மூன்று நாடு தாண்டும் வேகம். அந்த முடிச்சுகளின் பச்சை ஒளியை மட்டும் வடிகட்டித் தொலைநோக்கி படம் பிடிக்கிறது. பத்து ஆண்டு கழித்து இன்னொரு படம். முடிச்சுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அப்படியே பின்னோக்கி நடத்திக்கொண்டு போனால், எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடும். அதுதான் வெடித்த இடம். நடந்த தூரத்தை நடக்கும் வேகத்தால் வகுத்தால் வெடித்த காலம். எவ்வளவு எளிமை! எவ்வளவு இனிமை! இவ்வளவு எளிமையான ஒன்றைக் கெடுக்க வேண்டுமென்றால், அதற்கென்று உயர்கல்வி கற்றவர்கள் தேவை. அதற்காகத்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள்.

இருபத்தாறு ஆண்டுக்கு முன் முதல் படம் எடுத்தபோது நான்கு முறை எடுத்திருக்க வேண்டும். தொலைநோக்கி தன் பார்வை ஆடாமல் இருக்கக் குறி வைக்கும் வழிகாட்டி விண்மீனைத் தவறவிட்டதால் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஏன் நான்கு வேண்டும்? விண்ணிலிருந்து ஓயாமல் வந்து தைக்கும் கதிர்கள் படத்தில் மணல் வாரி இறைத்ததுபோல் புள்ளி வைத்துவிடும். அடுத்தடுத்து நான்கு படம் எடுத்தால், நான்கிலும் ஒரே இடத்தில் இருப்பது வானத்துப் பொருள். ஒன்றில் மட்டும் இருப்பது தூசி. தூசியைப் பெருக்குவது துடைப்பத்தின் தொழில். ஒரே படம் இருந்தால் துடைப்பம் என்ன செய்யும்?

பதினாறு ஆண்டுக்கு முன், இரண்டாவது படம் வந்து சேர்ந்த வாரம், கீழ்த்தளத்துக் குறுகிய நடைபாதையில், பழுதான தண்ணீர்க் குழாய்க்கு அருகே தலைவர் என்னை மடக்கினார். அன்று அவர் தலைவர் அல்ல. என்னோடு ஒரே விடுதி அறையில் நான்கு ஆண்டு படுத்து, என் சீப்பால் தலைவாரிய நண்பர்.

“டேய், மாநாட்டுக்குப் பத்து நாள்தான் இருக்கு. முதல் படம் சுத்தமா வேணும்.”

“ஒரே படத்தை வெச்சுக்கிட்டு எதோட ஒப்பிட்டுச் சுத்தம் பண்றது? தலையில அடிச்சுக்கவா?”

“பத்து வருஷம் கழிச்சு எடுத்தது வந்திருக்கே, அதோட ஒப்பிடு. ரெண்டுலயும் ஒரே இடத்துல இருந்தா நிஜம். இல்லேன்னா தூசி. ரெண்டுலேர்ந்தும் தூக்கிடு. அவ்வளவுதானே?”

நான் யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். “அவ்வளவுதான்” என்றேன். மூன்று நாளில் பெருக்கிக் கொடுத்தேன்.

இதில் என்ன தப்பு? யாராவது சொல்ல முடியுமா? எந்த ஆராய்ச்சியாளரும் வாய் திறக்க வேண்டாம். பதினாறு ஆண்டு திறக்காத வாய் இன்று ஏன் திறக்க வேண்டும்? பொதுமக்களில் யாராவது... ஆம், அம்மா, நீங்கள், பச்சைப் பை வைத்திருப்பவர். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

“ஓடுறது எப்படிங்க பத்து வருஷம் ஒரே இடத்துல இருக்கும்?”

கேட்டீர்களா! கேட்டீர்களா அவையோரே! அம்மா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? தையல் கடையா? நல்லது. உங்களை அன்றைக்கு அந்தக் குழாயடிக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு பட்டம் வாங்கிய இரண்டு பேர் நின்றோம். ஓடுகிறதா, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினோம். முதல் வேலையாக, ஓடியதையெல்லாம் தூசி என்று பெருக்கித் தள்ளினோம். பெரிய, தடித்த, மந்தமான முடிச்சுகள் மட்டும் தப்பித்தன. ஏன் தப்பித்தன? அவை பத்தாண்டு நகர்ந்தும் தங்கள் உடம்பின் மேலேயே படுத்திருந்தன. அந்த அளவுக்குப் பருமன். சுற்றியிருந்த வாயுவில் முட்டி வேகம் குறைந்துபோனவை. சின்னதாக, கூர்மையாக, எதிலும் முட்டாமல் பறந்தவையெல்லாம் குப்பைக்குப் போயின.

ஓடாதவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி ஓட்டப்பந்தயத்தின் வேகத்தை அளந்தோம்! உட்கார்ந்திருப்பது நிலையானது, நகர்வது அழுக்கு என்று ஒரு விதி செய்தோம்! இந்த விதி எங்களுக்கு எங்கிருந்து தோன்றியிருக்கும்? நான் சொல்ல மாட்டேன். எங்கள் நிறுவனத்தின் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்தவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது சீட்டு. ‘பொருளை ஒட்டிப் பேசவும்.’ ஐயா, பதினாறு ஆண்டில் இன்றைக்குத்தான் ஒட்டியிருக்கிறேன்.

முடிவு அச்சாகி வந்தது. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு. உலகமே பாராட்டியது. கட்டுரையின் முகப்பில் பதினொரு பேர் பெயர். பத்துப் பேரை நான் பார்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்புக்கும் அடியில், ‘படங்களைத் தூய்மை செய்து உதவியவர்களுக்கும் நன்றி.’ அந்த ‘உதவியவர்கள்’ நான். அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். பதினாறு ஆண்டு தினமும் எடுத்துப் பார்த்தேன். சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் மீன் வளர்ப்பார்கள். நான் கோபம் வளர்த்தேன். ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அது நன்றாகத் தழைத்தது. அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டு என் தவற்றை நான் பார்க்கவே இல்லை.

இப்போது என் மனைவியைப் பற்றி. வேண்டாம், சிரிக்கத் தயாராகாதீர்கள். மேடையில் மனைவியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பூரிக்கட்டை வரும் என்று காத்திருக்கும் அன்பர்கள் ஏமாறுவார்கள்.

அவள் இதே நிறுவனத்தில் ஆவணப் பிரிவு. நான் பெருக்குகிறவன், அவள் பெருக்குவதற்கு முன் இருந்த அழுக்குப் படங்களை அப்படியே எடுத்து வைப்பவள். இரண்டு முறை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, ‘சுத்தம் செய்த படம் இருக்கும்போது அழுக்குப் படம் எதற்கு? அழித்துவிடவும்’ என்று. இரண்டு முறையும் உத்தரவைக் கோப்பில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, படத்தையும் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

ஆறு ஆண்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசை முழுக்க அந்த அழுக்குப் படங்களின் அச்சுப் பிரதி. மேலே மெல்லிய எண்ணெய்த்தாள். எங்கள் மகளின் பள்ளிக்கூட அளவுகோல். எனக்குத் தட்டு வைக்க இடமில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

“ஒரு ஞாயித்துக்கிழமையாவது மனுஷன் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?”

“இந்தப் படத்துல இருக்கிற புள்ளியும் அந்தப் படத்துல இருக்கிற புள்ளியும் ஒண்ணுதாங்க. ஓடியிருக்கு.”

“அது தூசி.”

“ஒண்ணு ரெண்டு இருந்தா தூசி. முப்பத்தொண்ணு இருக்கு. எல்லாம் நடுவுலேர்ந்து வெளியில பார்த்து ஓடுது. உங்க தூசிக்கு அவ்வளவு ஒழுக்கமா?”

அவையோரே, அந்த இடத்தில் ஓர் அறிஞன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அளவுகோலைக் கொடு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேனா? நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நீ ஆவணப் பிரிவு. அடுக்கற வேலையை ஒழுங்கா பாரு. வானத்தை நாங்க பார்த்துக்கறோம்.”

அவள் எண்ணெய்த்தாளைச் சுருட்டினாள். மேசையைத் துடைத்தாள். தட்டு வைக்க இடம் வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு குறைவு என்றும் சொன்னேன்.

அடுத்த ஆண்டு முதல் விண்ணப்பம் போட்டாள். மூன்றாம் படம் ஒன்று எடுங்கள். முப்பத்தொரு புள்ளிகளும் இன்றைக்கு எங்கெங்கே இருக்கும் என்று குறித்திருக்கிறேன். அங்கே இருந்தால் அவை ஆக்சிஜன் முடிச்சு, இல்லையென்றால் தூசி. அவ்வளவுதான் கேட்டாள். அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் வயது இரண்டாயிரத்து அறுநூறு அல்ல, ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு. விண்மீன் இன்னும் இளமையானது. தலைவர் அவர்களே, வயது குறைகிறது என்றால் நீங்கள் மகிழ்ச்சி அடைந்திருக்க வேண்டாமா? ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து! ஐந்து ஆண்டு, ஐந்து முறை, ஏன் போடவில்லை? உண்மைக்குப் பயமா? உட்கார்ந்த இடம் சூடு ஆறிவிடும் என்ற பயமா? எந்தக் காரணத்தைக் காட்டி...

என்ன தலைவரே? ஏதோ சொல்கிறீர்கள். மைக் இல்லாமல் சொல்வதால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். தலைவர் என்னைப் பார்த்து, “காரணத்தை எழுதிக் கொடுத்தது யாருன்னு நான் சொல்லட்டுமாடா?” என்கிறார்.

வேண்டாம். உட்காருங்கள். நானே சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் ஏறினேன். ஏறியவன் உங்களைத் திட்டும் சுகத்தில் இருபது நிமிடம் வழி மாறிவிட்டேன். பழக்கதோஷம்.

விண்ணப்பம் வந்தால் ஒருவரிடம் கருத்துக் கேட்பார்கள். அவர் பெயரை மறைத்துவிடுவார்கள். இந்தப் படத்தைப் பெருக்கியவர் யார்? துடைப்பம். அப்படியானால் துடைப்பத்திடமே கேள். என் மேசைக்கு வந்தது. மேலே என் மனைவியின் பெயர். ‘சம்பந்தப்பட்டவள், நான் கருத்துச் சொல்லக் கூடாது’ என்று திருப்பி அனுப்பினேனா? இல்லையே! கணவன் சலுகை காட்டிவிட்டான் என்று நாளைக்கு ஒருவர் பேசிவிடக் கூடாதே! எவ்வளவு நேர்மையானவன் நான்! மூன்றே வரி எழுதினேன். ‘குறிப்பிட்ட புள்ளிகள் படத் தூசி. முன்பே ஆராய்ந்து நீக்கப்பட்டவை. மறுபடி பார்க்கத் தேவையில்லை.’ அந்த மூன்று வரியைத்தான் ஐந்தாண்டும் நகல் எடுத்து நகல் எடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் ஆண்டு நகலில் எழுத்தே மங்கிவிட்டது. ஆனால் வேலை செய்தது.

முதல் முறை திரும்பி வந்த அன்று மாலை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

“பாருங்களேன், எவனோ ஒரு முட்டாள் படிச்சுக்கூடப் பார்க்காம எழுதியிருக்கான்.”

“இருக்கும்” என்றேன்.

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா இருக்குமோ?”

“இந்த ஆளுங்களே அப்படித்தாம்மா. மனசுல வெச்சுக்காதே” என்று ஆறுதல் சொன்னேன். ஐந்தாண்டு, ஐந்து முறை, ஒரே ஆறுதல்.

அம்மா, நான்காம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில் இருப்பவளே! அந்த முட்டாள் நான்தான்.

...

யாரும் கைதட்ட வேண்டாம். கைதட்டலுக்காக ஒப்புக்கொள்கிறவன் இன்னும் பெரிய கள்ளன். இதையும் கேளுங்கள். எனக்கு ஞானம் தானாகப் பிறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன், இந்தத் திரைக்குப் பின்னால் மாட்ட, அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகக்காரர் மாதிரித் தாளைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே முட்டி போட்டு நகர்ந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

“சார், ஓரத்துல எல்லாம் குட்டிக் குட்டியா ஓட்டை இருக்கே?”

“அழுக்கு எடுத்த இடம்பா. அப்படித்தான் இருக்கும்.”

“இல்ல சார், நிறைய ஓட்டை தனித்தனியா இருக்கு, சரி. ஆனா இது ஜோடி ஜோடியா இருக்கே. ஒவ்வொரு ஜோடியும் நடுவுக்கு நேரா கோடு போட்ட மாதிரி நிக்குது. வேணும்னே விட்டீங்களா?”

நானும் முட்டி போட்டேன். அவையோரே, பதினாறு ஆண்டில் அந்தப் படத்தின் முன் நான் முட்டி போட்டது அன்றைக்குத்தான். ஓட்டை, ஜோடி. ஓட்டை, ஜோடி. முதல் படத்தில் இருந்த இடம் ஒன்று, பத்தாண்டு ஓடிச் சேர்ந்த இடம் ஒன்று. இரண்டையும் நானே தோண்டி எடுத்து, எடுத்த குழியையும் மூடாமல் விட்டிருக்கிறேன். முப்பத்தொன்று. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எண்ணெய்த்தாளில் பார்த்த அதே முப்பத்தொன்று. கொலைகாரன்கூட இவ்வளவு தெளிவாகத் தடயம் விட மாட்டான்.

பார்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா? “ஓட்டையெல்லாம் மை போட்டு அடைச்சிடுங்க” என்றேன். அவர் அழகாக அடைத்துக் கொடுத்தார். அந்தப் படம்தான் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அப்புறம் மூன்று வாரம் நான் சாப்பிட்ட சோறு ஒன்றும் சோறாக இல்லை.

இன்று காலையில் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்குப் பாராட்டு விழா, அவர் சந்தோஷமா இருப்பார். முடிஞ்ச கையோட ஆறு மணிக்குள்ள கையெழுத்துக் கேட்டுப் பார்க்கறேன். ஒருவேளை போட்டுட்டா?” அந்த ‘ஒருவேளை’ என்னும் சொல்லை என்னால் பெருக்கித் தள்ள முடியவில்லை. அதனால்தான் மற்றும் பலரில் ஒருவனாக இருந்தவன் வாழ்த்துரை வேண்டும் என்று கேட்டு வாங்கி மேடை ஏறினேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகைப் பார்க்க எனக்குச் சுவர் அளவுப் படமும் ஓர் அச்சகக்காரரும் தேவைப்பட்டார்கள். என் பெயரை அடிக்குறிப்புக்கும் அடியில் புதைத்தார்கள் என்று பதினாறு ஆண்டு புலம்பினேனே, அவள் பெயரை நான் எங்கே புதைத்தேன்? அங்கே ‘உதவியவர்கள்’ என்றாவது ஒரு சொல் இருந்தது. நான் அவளுக்கு வைத்த பெயர் தூசி. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது. உண்மைதான். ஆனால் குப்பையில் போட்டவன் யார் என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. நான் கேட்கிறேன். போட்டவன் நான்!

மூன்றாவது சீட்டா? கொடுங்கள் ஐயா. ‘உடனடியாக முடிக்கவும்.’ மணி ஐந்து முப்பத்தைந்து. முடிக்கிறேன். முதல் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். சுருக்கமாகப் பேசவும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், சுருக்கமாகவே எழுதுகிறேன். மூன்று வரியில் செய்ததை மூன்று வரியில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

‘அந்தப் புள்ளிகளை நான் ஆராயவில்லை. ஆராய்ந்ததாக எழுதியது பொய். மறுபடி பார்க்கத் தேவை இருக்கிறது.’

கீழே என் கையெழுத்து. இன்று என் பெயர் மறைக்கப்பட வேண்டாம்.

தலைவர் அவர்களே, இந்தாருங்கள். இனி உங்களுக்குச் சாக்கு இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் குழாயடியில் நின்றோம். இனி உங்கள் பேனா.

படிக்கிறார். பின்வரிசையினருக்காகச் சொல்கிறேன், திருப்பித் திருப்பிப் படிக்கிறார். மூன்று வரியைப் படிக்க இவ்வளவு நேரமா என்று நினைக்காதீர்கள். அவர் எதையும் கையெழுத்துக்கு முன் படிப்பதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் மனைவி எழுந்து வருகிறாள். வழி விடுங்கள். கோப்பைக் கொடுக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. சரிதான். நானாக இருந்தாலும் பார்க்க மாட்டேன்.

தலைவர் கேட்கிறார்: “முப்பத்தொண்ணும் ஒரே இடத்தைத்தான் காட்டுதாம்மா?”

அவள் சொல்கிறாள். மைக்கை அருகில் கொண்டுபோகிறேன், கேளுங்கள்.

“இல்லை சார். மறுபடி அளந்து பார்த்தேன். இருபத்தெட்டுதான் காட்டுது. மூணு நிஜமாவே தூசி. அதையும் விண்ணப்பத்துல எழுதியிருக்கேன்.”

கேட்டீர்களா? இவள்தான் அளக்கத் தெரிந்தவள். தன் பக்கம் இருந்த மூன்றைத் தானே கழித்துவிட்டு வந்து நிற்கிறாள். ஐந்தாண்டு நிராகரிக்கப்பட்டவள், ஐந்தாண்டும் அளந்துகொண்டே இருந்திருக்கிறாள்! இந்த மேடையில் மற்ற எவருக்காவது அது முடியுமா? அந்த முப்பத்தொன்றில் நான் சரியாகப் பெருக்கியது மூன்று. அந்த மூன்றுக்காக என்னை நீங்கள் பாராட்டலாம்.

தலைவர் சட்டைப்பையைத் தடவுகிறார். பேனா இல்லையாம். அண்டத்தை அளக்கும் நிறுவனம், மேடையில் ஒன்பது பேர், ஒரு பேனா இல்லை. இருக்கட்டும், இதோ என்னுடையது. மை இருக்கிறது, படத்தின் ஓட்டைகளை அடைத்தது அச்சகத்து மைதான், என் பேனா மை மிச்சமிருக்கிறது.

போட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்கிறார். நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு, “கயிறு வேண்டாம். திரை அப்படியே இருக்கட்டும்” என்கிறார். தலைவரே, நான்கு ஆண்டு என் சீப்பால் தலைவாரியதை இந்த ஒரு வாக்கியத்துக்காக மன்னித்தேன். கட்டுரைக் கதையை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்குக் கொஞ்ச காலம் ஆகும். பெரிய செடி.

என் மனைவி இப்போதுதான் என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: “பேசினது போதும், இறங்குங்க. மணி அஞ்சே முக்கால். அனுப்பிட்டு வந்து வீட்டுல பேசிக்கலாம்.” அந்தக் கடைசி இரண்டு சொல்லின் பொருள் மணமானவர்களுக்குத் தெரியும். வெடிப்பு என்னவென்று இன்றிரவு நான் அருகிலிருந்தே ஆராயப் போகிறேன்.

ஆகவே, எழுத்து மங்காத மூன்று சீட்டுகள் கொடுத்து உதவிய நிர்வாக அலுவலருக்கு நன்றி. பதினாறு ஆண்டு எங்களுக்குத் தோன்றாததைப் பத்து நொடியில் கேட்ட தையல்கடை அம்மாவுக்கு நன்றி. இங்கே இல்லாத அச்சகக்காரருக்கு நன்றி. கடைசி நேரத்திலாவது படித்துப் பார்த்த தலைவருக்கு நன்றி. இந்தப் பெயர்களில் எதையும் தயவுசெய்து ‘மற்றும் பலர்’ என்று சுருக்கிவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் என்ன என்று பார்க்க ஆசையாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கண் திறக்கும்வரை எங்களுக்கும் தெரியாது. அப்படிச் சொல்லும் துணிவு இந்த மேடைக்கு இன்றுதான் வந்தது.

தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. என் வீட்டம்மா படியிறங்கிவிட்டாள். கதவைத் திறந்து பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஓடுகிறேன். வணக்கம்.